நாலாவது அடி

சேஷாத்ரி சாஸ்திரிகள் வீடு எது என்று திருத்தணி ஸ்டேஷனில் இறங்கிக் கேட்டால் ஜட்கா வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எக்ஸ்பிரஸ் ஐயர் வீடு என்று கேட்டால் குதிரையே தலையை ஆட்டும். அறுபதுகளில் மலையடிவாரத்தில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவர் நடத்தி வைத்தவை. அவர் முடித்துவிட்டு எழுந்த பிறகுதான் பல மாப்பிள்ளைகளுக்குத் தங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதே தெரியும்.

மலைமேல் கோயில் குருக்கள்மார்களின் ராஜ்யம். அங்கே இவருக்கு வேலை இல்லை. குளக்கரையை ஒட்டி இருந்த சத்திரங்கள்தான் இவருடைய களம். ஜில்லாவில் உள்ள ஜோசியர்கள் அத்தனை பேரும் ஒரே முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம், மணவூரிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம், நகரியிலிருந்து தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் என்று எல்லாரும் ஒரே மணமேடையைச் சுற்றி நிற்பார்கள். மேடையில் ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து நின்று தொண்டையைக் கனைப்பான். சாம்பார் ஆறிப்போகிறது என்று சமையல்காரன் ஒரு பக்கம் கத்துவான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தாய்மாமன் ஒரு பக்கம் வாட்சைத் தட்டிக் காட்டுவான். இந்த நெருக்கடியில் வேதம் முழுசாக இறங்க முடியாது. சாஸ்திரிகள் அங்கங்கே கத்தரி போட்டார்.

முதலில் வேண்டாத சடங்குகள் போயின. அப்புறம் வேண்டிய சடங்குகளில் சில போயின. கடைசியாகக் கத்தரிக்கு அகப்பட்டது ஏழடி. தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து அக்கினிக்குப் பக்கத்தில் ஏழு அடி நடத்திச் செல்ல வேண்டும், அடிக்கு ஒரு மந்திரம் சொல்ல வேண்டும். அந்த மேடையில் ஏழடி நடந்தால் அடுத்த மாப்பிள்ளையின் மடியில்தான் போய் விழ வேண்டும். ஆகவே அதையும் விட்டார். ஹோமம் என்று நாலு சுள்ளியைப் பற்றவைத்து எல்லார் கண்ணிலும் நீர் வரவழைத்துவிடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் உருகி அழுகிறார்கள் என்று போட்டோக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். நடுவில் மந்திரம் எங்காவது நழுவினால் வலது கையைத் தூக்கி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்பார். தவில் கிளப்புகிற சத்தத்தில் விட்டுப்போன மந்திரம் சம்பந்தப்பட்ட தேவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

இதில் அவருக்கு மனசு உறுத்தியதே இல்லை. அவர் கட்டி வைத்தவர்கள் பிள்ளை பெற்றார்கள், சண்டை போட்டார்கள், சம்பந்தி வீட்டைத் திட்டினார்கள். கல்யாணத்துக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மற்றபடி அவர் யோக்கியர். குளிக்காமல் காபியைத் தொட மாட்டார். பொய் சொல்ல மாட்டார். சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற சோம்பல்தான் அதற்குக் காரணம்.

அறுபத்தாறாம் வருஷம் ஆவணியில் சிங்காரம் வந்து அந்த அமைதியைக் கெடுத்தான்.

சிங்காரம் ஆர்.கே.பேட்டையில் தறி போட்டு நெய்கிற முதலாளி. மெட்ராசுக்குச் சேலை கொண்டுபோய் விற்பவன். மீசையை ஒதுக்கி, பட்டு வேட்டி கட்டி, பக்கத்தில் மனோரமா என்ற மணவூர்ப் பெண்ணையும் அவளுடைய மாமனையும் ஏழெட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு சத்திரத்துக்கு வந்தான். மாப்பிள்ளைக்குக் காதோரம் நரைத்திருந்ததை சாஸ்திரிகள் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த முகூர்த்தம் தவறிவிடும். சுள்ளி புகைந்தது, தாலி ஏறியது, கெட்டி மேளம் கொட்டியது, எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

மறு வாரமே சிங்காரத்தின் முதல் மனைவி வரலட்சுமி, தம்பி கங்காதரனை அழைத்துக்கொண்டு சாஸ்திரிகள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆண் பிள்ளை இல்லை என்பதுதான் சிங்காரம் ஊருக்குச் சொன்ன காரணம். மனோரமாவின் மாமனிடம், முதல் சம்சாரத்தைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டேன் என்று சொல்லியிருந்தான். பஞ்சாயத்தும் நடக்கவில்லை, தீர்க்கவும் இல்லை. கல்யாணத்தன்று காலையில் வரலட்சுமிதான் அவனுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அவள் அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு வந்த முகம்.

"நீங்கதான சாமி எங்க ஊட்டுக்காரருக்குக் கட்டி வெச்சது?"

"நான்தாம்மா. உன் விஷயம் எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

சாஸ்திரிகளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவளே மேலே பேசினாள். "போனது போவட்டும். நான் கேஸ் போடப்போறேன். நடந்ததை கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"நடந்ததைச் சொல்றதுக்கு என்ன? சொல்றேன்."

ஊரில் சிங்காரத்துக்குத்தான் ஆதரவு அதிகம். டீக்கடை வாசலில் அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மலைமேல இருக்கறவருக்கே ரெண்டு பேரு. அவரு மேல எவன் கேஸ் போட்டான்?" என்று கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அந்த வழியாக வந்த வரலட்சுமி நின்றாள்.

"அவரு கட்டினது இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி. உனுக்கு அந்தச் சாக்கு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். வாய் பார்த்து நின்ற டீக்கடைக்காரரின் பால் பொங்கி வழிந்தது.

அவளுடைய வக்கீல் வேதாசலம் நல்ல மனுஷர். ஒருநாள் சாஸ்திரிகளைத் தேடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"சாமி, தாலி கட்டினது சரி. ஹோமம் பண்ணீங்களா?"

"புகை வந்தது."

"ஏழடி நடந்தாங்களா?"

சாஸ்திரிகள் உத்தரத்தைப் பார்த்தார்.

வேதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேல்கோர்ட்டுல தீர்ப்பு சொல்லிட்டாங்க சாமி. ரெண்டாவது கல்யாணம் குத்தம்னா, அது முறையா நடந்த கல்யாணமா இருக்கணும். ஹோமமும் ஏழடியும் இல்லேன்னா அது கல்யாணமே இல்ல. கல்யாணம் இல்லேன்னா குத்தமும் இல்ல."

"திருடப் போனவன் பூட்டை ஒழுங்கா உடைக்கலேன்னா அது திருட்டு இல்லையா?"

"சட்டத்தைக் கேலி பண்ணாதீங்க. அதுல நாங்க சாப்பிடறோம்." வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். "நடந்தாங்கன்னு சொல்லிடுங்க. ரெண்டு பொண்ணுங்களை வெச்சிகினு அந்தம்மா நிக்குது."

அவர் போன மறுநாள் சிங்காரத்தின் வக்கீல் மணவாளன், தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். "நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லி வரல சாமி. உண்மையைச் சொல்லுங்க, அது போதும்," என்றார். உண்மை பேசச் சொல்லி யாரும் அதுவரை சாஸ்திரிகளுக்குப் பழம் கொடுத்ததில்லை. அநியாயம் பண்ணினவன் உண்மையைக் கேட்கிறான், அநியாயத்துக்கு ஆளானவள் பக்கம் பொய்யைக் கேட்கிறது. பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கொய்யா மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

மனைவி கௌரியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துல ஏழடி நடந்தோமோ?"

"நடந்தோம். உன் அப்பா பக்கத்துல நின்னு எண்ணினார்."

"அப்போ நான் தப்பிக்க வழியில்லை," என்றாள் அவள். "பேசாம பொய் சொல்லிடுங்கோ. நன்னா சொல்லுங்கோ."

"சத்தியம் பண்ணிட்டா?"

"இத்தனை வருஷமா அக்கினி சாட்சியா அரைக் கல்யாணம் பண்ணி வெச்சேளே, அப்ப எங்கே போச்சு சத்தியம்? உங்க சோம்பலுக்கு அந்தப் பொண்ணு ஏன் தண்டம் அழணும்?"

சாஸ்திரிகள் பொய் சொல்வதென்று தீர்மானித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை ஒத்திகை பார்த்தார். கிணற்றடியில் நின்றுகொண்டு, "நடந்தாங்க, ஏழடியும் நடந்தாங்க," என்று பல தினுசாகச் சொல்லிப் பார்த்தார்.

விசாரணை நாளன்று கோர்ட்டு நிரம்பி வழிந்தது. மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர். ஆனால் அவருக்குக் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா, வாசலில் நின்ற போலீஸ்காரர், கூண்டுக்குக் கூப்பிடுகிற டவாலி, எல்லாருக்கும் தாலி எடுத்துக் கொடுத்தவர் எக்ஸ்பிரஸ் ஐயர்தான். சிங்காரம் புதுச் சட்டை போட்டிருந்தான். மனோரமா ஒரு மூலையில் தலை குனிந்து நின்றாள்.

வேதாசலம் கேட்டார், சாஸ்திரிகள் ஒத்திகை பார்த்தபடியே சொன்னார். ஹோமம் வளர்த்தேன். ஏழடி நடந்தாங்க. குரல் பிசிறவில்லை. வரலட்சுமி ஒரு பெருமூச்சு விட்டாள்.

மணவாளன் எழுந்தார். அவருக்குக் கோபமே இல்லை.

"ஏழடிக்கும் ஏழு மந்திரம் உண்டு இல்லீங்களா?"

"உண்டு."

"அன்னிக்கு அதெல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இந்த கோர்ட்டுக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டும். ஒரு தடவை சொல்லுங்க, கேப்போம்."

சாஸ்திரிகள் கண்ணை மூடினார். முதல் அடி கணீரென்று வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தது. நாலாவது அடியில் நாக்கு நின்றுவிட்டது. உள்ளே எங்கேயோ இருக்கிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. நெற்றியில் வியர்வை விபூதியைக் கரைத்தது. அப்போது அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே உயரே எழும்பியது.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்!"

கோர்ட்டு வெடித்தது. டவாலி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டிக்கொண்டே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. தன் கல்யாணத்தை அடி அடியாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நடக்கவில்லை, அந்தக் கல்யாணத்தில் மட்டுமல்ல, பல வருஷமாகவே நடக்கவில்லை என்று சாஸ்திரிகள் ஒத்துக்கொண்டார். "பொய்ச் சாட்சிக்கு உங்களை உள்ளே போடலாம். உண்மை உங்க வாயாலேயே வந்துட்டதால விடறேன்," என்றார் மாஜிஸ்திரேட். சில நாளில் தீர்ப்பும் வந்தது. சிங்காரத்துக்கும் மனோரமாவுக்கும் சட்டப்படி கல்யாணமே நடக்கவில்லை. ஆகவே சிங்காரம் குற்றவாளி இல்லை.

சிங்காரத்தின் ஆட்கள் வாசலிலேயே அவனுக்கு மாலை போட்டார்கள். மனோரமா நேரே மணவாளனிடம் போனாள்.

"அப்ப நான் யாருங்க?"

மணவாளன் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வேதாசலம்தான் பதில் சொன்னார். "ஏழடி நடந்திருந்தா அவன் ஜெயிலுக்குப் போயிருப்பான், அப்பவும் அந்தக் கல்யாணம் செல்லாது. நடக்கல, அதனால அது கல்யாணமே இல்ல. எப்படிப் பார்த்தாலும் நீ சம்சாரம் இல்லம்மா."

"மாலை அவருக்கு, எனுக்கு ஒண்ணும் இல்லியா?"

சிங்காரம் அவசரமாக வந்து அவள் தோளைத் தொட்டான். "சட்டம் கெடக்குது விடு. நான் உன்ன வெச்சிக்கறேன்."

"வெச்சிக்கறியா?" என்றாள் மனோரமா. அந்த வார்த்தையை அவள் திருப்பிச் சொன்ன விதத்தில் மாலை போட்டவர்களே இரண்டடி தள்ளி நின்றார்கள். கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள். மாமனைக்கூடக் கூப்பிடாமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். வரலட்சுமி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கங்காதரனை அனுப்பி, ரயில் ஏறும்வரை கூட இருந்துவிட்டு வரச் சொன்னாள்.

தீர்ப்பின் சூடு ஊரில் அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் விடிவதற்குள் சாஸ்திரிகள் வீட்டு முன்னால் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் புருஷனைக் கையோடு இழுத்து வந்திருந்தார்கள். "எங்களை நடத்தி வுடு சாமி." பேரன் எடுத்தவர்களும் அதில் உண்டு. கோர்ட்டு குமாஸ்தாவின் மனைவி அவரை ஆபீசுக்குப் போகவிடாமல் கூட்டி வந்திருந்தாள். கொல்லைப்புறமாக வேறு சிலர் தனியாக வந்தார்கள். அவர்கள் ஆண்கள். "நம்ம கல்யாணத்துலயும் நடக்கலதான சாமி?" என்று ஒரு நப்பாசையோடு கேட்டார்கள். கௌரி அவர்கள் தலையில் கழுநீரை ஊற்றினாள்.

இட்டிலிக் கடை பாஞ்சாலி மட்டும் நடக்க வரவில்லை. அவள் புருஷன் பெருமாள் கள்ளச்சாராயத்துக்கு ஆந்திராப் பக்கம் போய், திரும்பி வந்து அவளை அடிப்பதையே தொழிலாக வைத்திருந்தான். அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் பாயும் தகரப்பெட்டியும் தெருவில் கிடந்தன.

"இன்னாடி இது?"

"யாரு நீ? கோர்ட்டே சொல்லிடுச்சி. நீ எனுக்குப் புருசனே இல்ல. போய்க்கினே இரு."

பெருமாள் சாஸ்திரிகளிடம் ஓடி வந்தான். வந்து நடத்தி வையுங்கள் என்று காலில் விழுந்தான். சாஸ்திரிகள் போய்க் கேட்டார். "அடுத்த பொறப்புல நடக்கிறேன் சாமி," என்று சொல்லிவிட்டு அவள் இட்டிலித் தட்டைத் துடைத்தாள். பெருமாள் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. மாஜிஸ்திரேட் இதையெல்லாம் உத்தேசித்துத் தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார்.

சாஸ்திரிகள் கிணற்றடியில் மறுபடி ஒத்திகை பார்த்தார். இந்தத் தடவை மந்திரம். நாலாவது அடி ஒரு வாரம் இழுத்தடித்து வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் நடத்திய கல்யாணங்களில் ஒரு அடி குறையவில்லை. யார் தொண்டையைக் கனைத்தாலும் நிறுத்தமாட்டார். மேடைக்குக் கீழே இடம் ஒதுக்கச் சொல்லி, ஜோடியை இறக்கி நடத்துவார். ஊர் அவருக்குப் பாசஞ்சர் ஐயர் என்று பேர் மாற்றியது. அவசரக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

இப்படி அவர் திருந்திய கையோடு சர்க்கார் சட்டத்தையே மாற்றிவிட்டது. அறுபத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் வேதாசலம் பேப்பரோடு வந்தார். இனி மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினால் போதும், கல்யாணம் செல்லும். முன்னால் அப்படி நடந்தவையும் செல்லும்.

"அப்ப சிங்காரம் கல்யாணம்?" என்று சாஸ்திரிகள் ஆசையாகக் கேட்டார்.

"இது ஐயர் இல்லாம நடந்த கல்யாணத்துக்குத்தான் சாமி. நீங்க வராம இருந்திருந்தா அவன் மாட்டியிருப்பான்."

அந்தச் சட்டப்படி முதலில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் மனோரமாவும் ஒருத்தி. சட்டத்தின் கணக்கில் அவள் கல்யாணமே ஆகாத பெண், தடுக்க யாரால் முடியும்? ரயில்வேயில் வேலை பார்த்த மாப்பிள்ளை ராஜவேலுவுக்கு நடந்ததெல்லாம் தெரியும். பத்துப் பேர் முன்னால் மாலை மாற்றுவதாக ஏற்பாடு. அவளே திருத்தணிக்கு வந்து சாஸ்திரிகளை அழைத்தாள்.

"நீங்க கண்டிப்பா வரணும். வந்து ஒக்காந்தா போதும். வாய மட்டும் தெறக்காதீங்க."

அவர் போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை.

சிங்காரத்தின் கதை வேறு மாதிரிப் போயிற்று. விடுதலை ஆகி மாலையோடு வீட்டுக்கு வந்தவனை வரலட்சுமி வாசலிலேயே நிறுத்தினாள். "கோர்ட்டு உன்ன வுட்டுடுச்சி. நான் வுடல," என்றாள். அவன் சத்தம் போட்டுப் பார்த்தான். தறி நெய்கிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் நூல் வாங்கிப் பழகியவர்கள், ஒருவரும் எழுந்து வரவில்லை. தறிக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் அவன் குடியேறினான். சோறு மகள் கையில் வரும். அவனை விரட்ட எந்தச் சட்டமும் இல்லை, உள்ளே விடச் சொல்லவும் எந்தச் சட்டமும் இல்லை. வருஷங்கள் அப்படியே ஓடின.

எழுபத்தைந்தில் மூத்த பெண் சந்திராவுக்குக் கல்யாணம். நடத்திவைக்க வரலட்சுமி பாசஞ்சர் ஐயரைத்தான் கூப்பிட்டாள். முதல்நாள் சாயங்காலம் சிங்காரம் சாஸ்திரிகளைத் தனியாகப் பிடித்துக்கொண்டான். காதோர நரை தலை முழுக்கப் பரவியிருந்தது.

"தாரை வார்க்க அப்பன் ஆயி ரெண்டு பேரும் சேர்ந்து ஒக்காரணும்னு சாஸ்திரம் இருக்குது இல்ல சாமி? நீங்க சொன்னா அவ கேப்பா. ஒரு நாள் பக்கத்துல ஒக்கார வெச்சிடுங்க."

சாஸ்திரிகளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று எரிச்சலும் வந்தது. உள்ளே போய் வரலட்சுமியிடம் சொன்னார். அவள் பூச்சரத்தை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சட்டத்துல அப்படி இருக்குதா?"

"சட்டத்துல இல்லை. சாஸ்திரத்துல உண்டு."

"அப்பன் இல்லாத பொண்ணுங்களுக்கு யாரு தாரை வார்க்கறது?"

"மாமன், சித்தப்பன், யார் வேணுமானாலும் செய்யலாம்."

"அதுவும் சாஸ்திரம்தான?"

"அதுவும்தான்."

"அப்ப கங்காதரனும் அவன் சம்சாரமும் ஒக்காரட்டும்," என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரைத் தொரத்த வாணாம். வாசல்ல நின்னு வர்றவங்களைக் கூப்பிடட்டும். அதுக்கு அப்பன்தான் நிக்கணும்."

மறுநாள் கங்காதரனும் மனைவியும் தாரை வார்த்தார்கள். சந்திரா மாப்பிள்ளையோடு ஏழு அடியையும் நிதானமாக நடந்தாள், சாஸ்திரிகள் ஒன்றுகூட விடாமல் சொன்னார். சிங்காரம் பட்டு வேட்டியோடு பந்தல் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவர் மேடைக்குப் போகவில்லையா என்று மெட்ராசிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் விசாரித்தார்.

"அங்க ஒரே புகைங்க," என்றான் சிங்காரம். "நீங்க போய் மொதல்ல சாப்புடுங்க."